பால் மறக்கும் முதல் வாரம்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், அக்டோபர் மாத இரவுகளில் பல மாட்டுப் பண்ணைகளின் பக்கம் தூங்க முடியாது. நூற்றுக்கணக்கான கன்றுகள் விடிய விடியக் கத்தும். தாயிடமிருந்து அன்றைக்குத்தான் பிரித்திருப்பார்கள். அப்படி ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த டீ ஆறுவதுகூடத் தெரியாமல், "இதுங்களுக்கு இப்ப என்னண்ணே போடுவாங்க?" என்று கேட்டான் பக்கத்து வீட்டுத் தம்பி. போடுவது சுலபம், தின்ன வைப்பதுதான் பாடு என்றேன். டீயை முதலில் குடிக்கச் சொல்லிவிட்டு ஆரம்பித்தேன்.

அந்த மாநிலத்தில் சாண்ட்ஹில்ஸ் என்றொரு நிலம், சுமார் 50,000 சதுர கிலோமீட்டர். மணல்மேடுகளின்மேல் புல் மூடிக் கிடக்கிறது. உழுதால் மணல் பறந்துவிடும். அதனால் அங்கே மாடுதான் வெள்ளாமை. இறைச்சிக்காக வளர்க்கும் மாடுகள் என்பதால் யாரும் பால் கறப்பதில்லை. மடியில் உள்ளது முழுவதும் கன்றுக்கே. மார்ச், ஏப்ரலில் பிறந்த கன்று ஆறேழு மாதத்தில் 220, 250 கிலோவுக்கு வந்துவிடும். அதற்குள் புல்லும் காய்ந்துவிடும், தாய்க்கும் அடுத்த சினை. பிரித்தாக வேண்டிய நேரம் அது.

நன்றாக இருக்கும் கன்று, ஈரம் நீக்கிக் கணக்குப் பார்த்தால், நாளுக்குத் தன் எடையில் இரண்டரை முதல் மூன்று சதவீதம் வரை தீவனம் தின்னும். 230 கிலோ கன்றுக்கு ஆறு கிலோ. பிரித்த முதல் வாரத்தில் பல கன்றுகள் ஒரு சதவீதம் தின்றாலே பெரிது. ஆறு கிலோ தின்ன வேண்டிய வயிற்றுக்கு இரண்டே கால் கிலோதான் போகிறது. ஏக்கம், அலைச்சல், புது இடத்துப் புழுதி எல்லாம் சேர, நுரையீரல் காய்ச்சல் வருவதும் இந்த நாட்களில்தான்.

"கொஞ்சமாத்தான் தின்னுதுன்னா, சோளத்தை அள்ளி வச்சிட வேண்டியதுதானே?" என்றான். எல்லோருக்கும் தோன்றுவதுதான், ஆனால் ஆபத்து. பொங்கல் முடிந்த மறுநாள் நம் ஊர்க் கால்நடை மருத்துவமனைக்கு வரும் மாடுகளை நினைத்துப் பாருங்கள். ஆசையாகக் கொடுத்த பொங்கலும் சோறும் பெருவயிற்றில் புளித்து, அமிலம் ஏறி, அசை போடுவதை நிறுத்திவிட்டுக் கிடக்கும். மக்காச்சோளமும் அதே மாவுச்சத்துதான். பெருவயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள்தான் மாட்டுக்குச் சமையல்காரர்கள். இந்தக் கன்றின் வயிற்றில் இருப்பவை புல்லுக்குப் பழகியவை. தானியத்துக்குப் பழக அவற்றுக்கு இரண்டு மூன்று வாரமாவது கொடுக்க வேண்டும்.

அதனால் முதல் நாள் தொட்டியில் விழுவது கன்றுக்குத் தெரிந்த பொருள்: நறுக்காத, தூசியில்லாத, நல்ல காய்ந்த புல். அதன் வாசம் தெரிந்து தலையை உள்ளே விடும். அடியில் கொஞ்சம் அடர்தீவனம் இருக்கும். புல்லைக் கடிக்கும்போதே அதுவும் நாக்கில் படும். நாளாக நாளாகப் புல் குறையும், அடர்தீவனம் ஏறும். தின்பது குறைவு என்பதால், தின்னும் ஒவ்வொரு வாயிலும் சத்து கூடுதலாக இருக்க வேண்டும். புரதம் மட்டும் 14 சதவீதத்துக்குக் குறையாமல் பார்ப்பார்கள். இதற்கு நெப்ராஸ்காவில் அருமையான பொருள் ஒன்று கிடைக்கிறது. மக்காச்சோளத்திலிருந்து எத்தனால் எடுத்தபின் மிஞ்சும் சக்கை. மாவுச்சத்து எத்தனாலாகப் போய்விட, 30 சதவீதத்தை ஒட்டிய புரதம் மிஞ்சுகிறது. புளிப்பு ஏறும் பயம் குறைவு. யூரியா கலந்த மலிவுத் தீவனத்தை மட்டும் இப்போது கொடுக்கவே கூடாது. பட்டினி கிடந்த வயிற்றால் அதைப் புரதமாக்க முடியாது.

எங்கே வைக்கிறோம் என்பதும் தீவனத்தில் பாதி. பிரிந்த கன்று தாயைத் தேடி வேலியோரமாகவே நடந்துகொண்டிருக்கும். நடு மைதானத்தில் தொட்டி இருந்தால் அதன் கண்ணில் படாது. வேலிக்குக் குறுக்கே, நடந்து வந்து முட்டுகிற மாதிரி வைக்க வேண்டும். ஓடையில் குடித்தே வளர்ந்த கன்றுக்குத் தண்ணீர்த் தொட்டி என்றால் என்னவென்றே தெரியாது. குழாயைத் திறந்துவிட்டுத் தொட்டியை வழிய விடுவார்கள். சலசலப்பு கேட்டு அதுவாக வரும்.

தாயையே வேலிக்கு அந்தப் பக்கம் நிறுத்தினால் இன்னும் நல்லது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தார் இதை ஒப்பிட்டுப் பார்த்து 2003-இல் எழுதினார்கள். பால் குடிக்க முடியாது. ஆனால் ஏழு நாளும் தாய் கண்ணெதிரே. அந்தக் கன்றுகள் குறைவாகக் கத்தின, நிறையத் தின்றன. அறவே பிரித்த கன்றுகள் முதலில் இழந்த எடையைப் பத்து வாரம் கழித்தும் ஈடுகட்டவில்லை. ஒரு வேலிச் செலவில் இவ்வளவு கிடைக்கும்போது, அறவே பிரிப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

"தின்னுச்சா இல்லையான்னு எப்படித் தெரியும், அத்தனை கன்னுல?" என்றான் தம்பி. கன்றின் பின்னால் நின்று இடப்பக்கம் பார்க்க வேண்டும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே முக்கோணமாக ஓரிடம் இருக்கும். அது குழிந்து கிடந்தால் வயிறு காலி. காதும் தொங்கி, தீவனம் போடும்போது பின்னாலேயே நின்றால், அன்றைக்கே காய்ச்சல் பார்க்க வேண்டிய கன்று அது. மூன்றாம் நாள், நான்காம் நாள் வாக்கில் கத்தல் ஓயும். குழி மேடாகும். வேலிக்கு முதுகைக் காட்டிப் படுத்து, கன்று அசை போடத் தொடங்கும்.