மாயாஜாலக் கதைக்கு வயது என்ன?

"பேரன் இங்கிலீஷில் ஹாரி பாட்டர் ஏழு பாகத்தையும் முடித்துவிட்டான். தமிழிலும் அந்த மாதிரி ஒரு மாயாஜால நாவல் சொல்லுங்கள், ஸார்" என்று செகந்திராபாத் நண்பர்கள் கேட்பதுண்டு. அவசரப்படாதீர்கள் என்பேன். நான் பட்டுத் தெரிந்துகொண்டவன்.

என் பேத்திக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளியில் ஆங்கிலம், தெலுங்கு, இந்தி. தமிழ் எழுத்து நான் வீட்டில் சொல்லிக் கொடுத்தது. முந்நூறு பக்க மாயாஜால நாவல் ஒன்றை ஆசையோடு அவள் கையில் கொடுத்தேன். இரண்டாம் பக்கத்தில் நிமிர்ந்து, "தாத்தா, இது நிஜமான தமிழ் வார்த்தையா, கதைக்காரர் கட்டிவிட்டதா?" என்று கேட்டாள். நான் சிரித்துவிட்டேன். அவள் புத்தகத்தை மூடிவிட்டாள். அதன்பின் நாலு மாதம் தமிழ்ப் பக்கமே திரும்பவில்லை.

யோசித்தால் அவள் கேட்டதுதான் விஷயம். 'அடுப்பில் வாணலியை வைத்தாள்' என்று வந்தால், வாணலி தெரியாத குழந்தைகூட அது ஏதோ பாத்திரம் என்று ஊகித்துவிடும். மாயக்கதையில் அடுப்பின் மேல் எதுவும் உட்காரலாம், டிராகன் உட்பட! ஊகிக்கப் பிடிமானம் கிடையாது. 'மகிள்', 'குவிடிச்' என்பவை ரௌலிங் அம்மையார் உண்டாக்கிய சொற்கள் என்பது ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த பிள்ளைக்குப் புரிகிறது. மொழியையே கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு எது பழசு, எது புதுசு என்பது எப்படித் தெரியும்? போதாக்குறைக்கு வீட்டில் 'போனான்', புத்தகத்தில் 'சென்றான்'. இந்த ஊரில் இன்னொரு சங்கடமும் உண்டு. தெலுங்கில் 'அவசரம்' என்றால் தேவை. ராஜா அவசரமாகப் புறப்பட்டதை, ஏதோ தேவைக்காகப் புறப்பட்டார் என்றே எங்கள் வீட்டில் புரிந்துகொண்டார்கள்.

ஆகவே வயதையும் வகுப்பையும் நான் பார்ப்பதில்லை. ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல்லி, தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கச் சொல்கிறேன். ஐந்து மடங்கினால் புத்தகம் கனம் என்பது பல ஆசிரியர்கள் கையாளும் கணக்கு. மாயக்கதைக்கு மூன்றே அதிகம் என்பது என் கட்சி. பிறகு புத்தகத்தை மூடிவிட்டு வீட்டுத் தமிழில் கதை சொல்லச் சொல்வேன். தெலுங்கு கலந்தாலும் பாதகமில்லை. "கண்ணாடிக்குள்ளே போயிட்டான், ஆனா பேர் சொன்னாத்தான் வெளியே வர முடியும்" என்று அந்த உலகத்தின் சட்டம் வாயில் வர வேண்டும். வராவிட்டால் எழுத்தைத்தான் படித்திருக்கிறது, கதையை அல்ல. ரயில்வேயில் பாலத்தின் மேல் பாரத்தை ஏற்றி வளைவை அளப்பதோடு விடமாட்டோம். பாரத்தை இறக்கியதும் நிமிர்கிறதா என்றும் பார்ப்போம். மறுநாள் யாரும் சொல்லாமல் குழந்தை அதே புத்தகத்தைத் தேடி எடுக்கிறதா? நான் அன்று பார்க்கத் தவறியது இதைத்தான்.

இடையில் என்ன கொடுப்பது? எனக்குக் கைகொடுத்தது 'அம்புலிமாமா'. நாகிரெட்டியும் சக்ரபாணியும் 1947 ஜூலையில் சென்னையிலிருந்து தமிழிலும், 'சந்தமாமா' என்று தெலுங்கிலும் தொடங்கிய பத்திரிகை. இப்போது வருவதில்லை. ஆனால் பழைய இதழ்கள் பல இணையத்தில் கிடைக்கின்றன. பெரும்பாலும் இரண்டிலும் ஒரே கதை, ஒரே படம். அதிலும் விக்கிரமன் வேதாளம் கதையில் மரம், சவம், மௌனம், கேள்வி எல்லாம் மாதாமாதம் கிட்டத்தட்ட அதே வாசகத்தில் வரும். நாலாவது கதையில் குழந்தைக்கு முதல் பத்தி மனப்பாடம். புது விஷயம் நடுவில் மட்டும்தான்.

பேத்திக்கு முதலில் தெலுங்குப் பிரதியைப் படிக்கவிட்டு, ஒரு வாரம் கழித்துத் தமிழ்ப் பிரதியை மேஜைமேல் சும்மா வைத்தேன். சங்கர் வரைந்த வேதாளத்தின் படத்தைப் பார்த்துத்தான் எடுத்தாள். அந்தப் பெரிய நாவல் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. போன வாரம் அதைப் பிரித்துப் பார்த்து, இரண்டு விரல் மடக்கினாள்.