அளவே சான்று

நெடுங்காலம் உழைத்த ஓர் அம்பாசிடர் வாடகைக் கார் பணிமனைக்கு வந்து சேர்கிறது. புகைபோக்கியில் நீலப் புகை, மேடேறும்போது திணறல், எஞ்சின் எண்ணெயும் விரைவில் குறைந்துவிடுகிறது. எஞ்சினைப் பிரித்து, நான்கு பிஸ்டன்களையும் மேசைமீது வரிசையாக வைக்கிறார் பணியாளர். துடைத்துப் பார்த்தால் பெரிய குறை எதுவும் தென்படவில்லை. இவற்றையே மீண்டும் பொருத்தலாமா? புதியன வாங்க வேண்டுமா? வண்டியையே வாழ்வாதாரமாகக் கொண்ட ஓட்டுநருக்கு இஃது எளிய வினா அன்று. தேவையற்ற செலவு அவருடைய சேமிப்பைக் கரைத்துவிடும். தவறான சிக்கனமோ, எஞ்சினை மறுபடியும் பிரிக்கச் செய்து அன்றாட வருவாயையும் நிறுத்திவிடும்.

எரியும் வாயுவின் அழுத்தத்தை இயக்கமாக மாற்றும் உறுப்பு பிஸ்டன். எஞ்சின் நிமிடத்திற்கு 3000 முறை சுழலும்போது, ஒவ்வொரு பிஸ்டனும் நொடிக்கு 50 முறை மேலேறிக் கீழிறங்குகிறது. நொடிக்கு 100 முறை நின்று திசை மாறுகிறது. அதன் தலைப்பகுதிக்கு மேலே எரியும் வாயுவின் வெப்பநிலை 2000 டிகிரி செல்சியசைக் கடக்கிறது.

பிஸ்டன் அலுமினியக் கலவையால் ஆனது. அது இயங்கும் உருளை வார்ப்பிரும்பால் ஆனது. ஒரே அளவு வெப்பநிலை உயர்விற்கு அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இருமடங்கு விரிவடையும். எனவே, இரண்டிற்கும் இடையே சிறிது இடைவெளி தேவை. அது குறைந்தால் பிஸ்டன் விரிந்து உருளையில் இறுகிவிடும்; மிகுந்தால் வாயு கசியும், எண்ணெய் மேலேறி எரியும், தட்டும் ஓசையும் எழும். அந்த இடைவெளி ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பகுத்தால் கிடைக்கும் பங்குகளில் சிலவே. அதனைக் கண்ணால் மதிப்பிட இயலாது.

ஆகவே, பிஸ்டனின் தகுதியை ஆராயுமுன் உருளையை அளக்க வேண்டும். 1489 கன சென்டிமீட்டர் அம்பாசிடர் பெட்ரோல் எஞ்சினில் உருளையின் தொடக்க உள்விட்டம் 73.025 மில்லிமீட்டர். உருளையின் மேற்பகுதியில், பிஸ்டனின் மேல்வளையம் திசை மாறும் இடத்தில், எண்ணெய்ப் படலம் மெலிந்திருப்பதால் தேய்மானம் மிகுதி. எனவே மேல், நடு, கீழ் ஆகிய மூன்றிடங்களிலும், ஒவ்வோரிடத்திலும் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளிலும் அளத்தல் முறை. தேய்மானம் உற்பத்தியாளர் குறித்த வரம்பைக் கடந்திருந்தால் உருளையைக் கடைந்து அகலப்படுத்த வேண்டும். அதன்பின், பழைய பிஸ்டன் எத்துணை நல்ல நிலையில் இருந்தாலும் அதற்குப் பொருந்தாது. பெரிய அளவுள்ள புதிய பிஸ்டன்களே தேவைப்படும்.

உருளை வரம்பிற்குள் இருந்தால் மட்டுமே பழைய பிஸ்டனைப் பற்றிய ஆய்வு பொருளுடையதாகும். முதலில் கரிப்படிவை நீக்க வேண்டும். கம்பித் தூரிகை மென்மையான அலுமினியத்தைக் கீறிவிடும் என்பதால் அதனைத் தவிர்ப்பது நன்று. பின்னர், தலைப்பகுதி உருகியோ குழிந்தோ உள்ளதா, ஊசித்துளையைச் சுற்றி விரிசல் உள்ளதா, பக்கங்களில் ஆழ்ந்த உராய்வுக் கோடுகள் உள்ளனவா என்று நோக்க வேண்டும். வளையப் பள்ளத்தில் புதிய வளையத்தை வைத்து, இடைவெளியைத் தகட்டு அளவியால் சோதிக்க வேண்டும். பள்ளம் அகன்றிருந்தால் புதிய வளையமும் அதில் நிலையாக அமராது. இறுதியாகத் திருகு அளவியால் பிஸ்டனின் விட்டத்தை அளக்க வேண்டும். பிஸ்டன் முழு வட்டவடிவமாகச் செய்யப்படுவதில்லை. ஆதலின், ஊசிக்குச் செங்குத்தான திசையில், உற்பத்தியாளர் குறித்த உயரத்தில் அளந்தாலே சரியான அளவு கிடைக்கும்.

இச்சோதனைகள் அனைத்திலும் தேறிய பிஸ்டனை, கழற்றும்போது இட்ட எண்ணின்படி அதே உருளையில் அதே திசையில் பொருத்தலாம். வளையங்களை மட்டும் புதியனவாக மாற்ற வேண்டும். நான்கில் ஒன்றை மாற்ற நேர்ந்தால், அதன் எடை மற்றவற்றோடு ஒத்திருக்க வேண்டும். இல்லையேல் எஞ்சின் அதிரும்.

விலக்கப்பட்ட பிஸ்டனும் வீணாவதில்லை; உருக்கினால் மீண்டும் அலுமினியமாகப் பயன்படும். ஆயினும், தகுதியற்ற பிஸ்டனைப் பொருத்துவது சிக்கனம் ஆகாது. தகுதியுள்ளதை எறிவதும் திறமை ஆகாது. அளந்து கண்ட எண்களை ஓட்டுநரிடம் காட்டி முடிவைக் கூறும் பணியாளர், எஞ்சினோடு அவருடைய நம்பிக்கையையும் காக்கிறார்.