இரு கலப்பின நாய்கள்

மனிதன் பழக்கிய விலங்குகளுள் காலத்தால் முந்தியது நாயே. ஆடும் மாடும் குதிரையும் அவன் வாயிலை அடைவதற்கு நெடுங்காலம் முன்னரே நாய் அவன் தீயருகில் வந்து அமர்ந்துவிட்டது. வேட்டைக்கும் காவலுக்கும் மந்தை மேய்த்தற்கும் எனத் தொழில் நோக்கி இனங்களைப் பிரித்து வளர்த்தனர் முன்னோர். இக்காலத்து நகர மாந்தரோ தோழமை ஒன்றனையே கருதி நாயை வீட்டினுள் வைத்துப் போற்றுகின்றனர். அங்ஙனம் போற்றுவார்க்கு ஆஸ்திரேலியா, அமெரிக்கா, இங்கிலாந்து முதலிய நாடுகளில் பெரிதும் விருப்பமாயிருப்பவை, பூடில் என்னும் நாயோடு பிற இனங்களைக் கூட்டிப் பெற்ற கலப்பின நாய்களாம். அவற்றுள்ளும் பெயர் பெற்றவை இரண்டு: லாப்ரடாரும் பூடிலும் கூடிப் பிறந்த லாப்ரடூடில் ஒன்று, கோல்டன் ரெட்ரீவரும் பூடிலும் கூடிப் பிறந்த கோல்டன்டூடில் மற்றொன்று.

இவ்விரண்டனுள் எதனைக் கொள்வது என்னும் வினா, விளையாட்டான வினாப் போலத் தோன்றும். ஆயின், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு குடும்பத்தோடு வாழப்போகும் ஓர் உயிரைப் பற்றிய வினா அஃது. ஆராயாது கொண்டவர் சில திங்களிற் சலித்துப்போவர். அச்சலிப்பின் துன்பமோ முழுதும் நாயையே சாரும். ஆதலின் இதனைச் சிறிது விரித்து ஆராய்வாம்.

முதற்கண் பெற்றோரின் இயல்பை அறிதல் வேண்டும். பூடில் என்னும் பெயர், நீரில் அளைதலைக் குறிக்கும் செருமானியச் சொல்லடியாகப் பிறந்தது. வேட்டுவர் வீழ்த்திய நீர்ப்பறவையை நீந்திச் சென்று கவ்விக் கொணர்தலே அதன் பழந்தொழில். லாப்ரடாரின் முன்னோர், நியூபவுண்ட்லாந்துத் தீவின் மீனவர்க்குத் துணையாயிருந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்து சேர்ந்தன. அவ்வினத்தை இங்கிலாந்தின் கென்னல் கழகம் 1903-ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. கோல்டன் ரெட்ரீவரோ ஸ்காட்லாந்தில் தோன்றியது. பிற்காலத்தில் ட்வீட்மௌத் பிரபு எனப் பெயர் பெற்ற டட்லி மார்ஜோரிபாங்க்ஸ் என்பார், பொன்னிற வேட்டை நாய் ஒன்றனையும் நீர் ஸ்பானியல் ஒன்றனையும் கூட்டி 1868-இல் அவ்வினத்திற்கு அடிகோலினார். ஆகவே மூன்றும் நீரோடு பழகியவை. மூன்றும் மனிதன் ஏவலை உணர்ந்து பொருள் கொணர்தற்கென்றே வளர்க்கப்பட்டவை. இக்காரணத்தால் இவற்றின் வழித்தோன்றல்களாகிய கலப்பினங்கள் இரண்டும் அறிவுக் கூர்மையும், பழகும் பண்பும், ஓய்ந்திராத ஊக்கமும் உடையனவாய் இருத்தல் இயல்பே.

லாப்ரடூடில் என்னும் பெயர் பரவியதற்கு ஒரு வரலாறு உண்டு. 1980-களின் இறுதியில் ஆஸ்திரேலியாவில், கண்பார்வையற்றோர்க்கு வழிகாட்டும் நாய்களைப் பயிற்றும் சங்கத்தில் வாலி கான்ரன் என்பவர் பணியாற்றினார். ஹவாய்த் தீவிலிருந்த பார்வையற்ற பெண்மணி ஒருவர் வழிகாட்டி நாய் வேண்டி அச்சங்கத்திற்கு எழுதினார். அவர் கணவர்க்கோ நாய் மயிர் ஒவ்வாதது. கான்ரன் பூடில்கள் பலவற்றைப் பயிற்றிப் பார்த்தும் அத்தொழிலுக்கு ஏற்றது ஒன்றும் அமையவில்லை. பின்னர் லாப்ரடார் ஒன்றனைப் பூடிலோடு கூட்டினார். மூன்று குட்டிகள் பிறந்தன. அவற்றின் மயிரையும் உமிழ்நீரையும் ஹவாய்க்கு அனுப்பிச் சோதித்தபொழுது, மூன்றனுள் ஒன்று மட்டுமே அக்கணவர்க்குத் தீங்கு விளைக்காததாயிற்று. அக்குட்டியே ஹவாய் சென்று பணி புரிந்தது. கலப்பினக் குட்டிகளை வளர்க்க எவரும் முன்வராமை கண்ட கான்ரன், லாப்ரடூடில் எனப் பெயர் சூட்டி வெளியிட்டார். உடனே வேண்டுவோர் திரண்டனர். வணிக நோக்கு ஒன்றே உடையோர் பெற்றோரின் நோய்நொடி நோக்காது இவ்வகை நாய்களைப் பெருக்கியதைக் கண்டு வருந்திய அவர், தாம் தொடங்கிய செயலுக்கு வருந்துவதாக 2019-இல் வெளிப்படையாகவே கூறினார்.

இவ்வரலாற்றில் யாவரும் மறந்துவிடுகின்ற செய்தி ஒன்றுண்டு. மூன்று குட்டிகளுள் ஒன்றே பொருந்தியது என்பதுதான் அது. ஒரே ஈற்றிற் பிறந்தவையும் ஒரே தன்மையன அல்ல. இதன் காரணத்தை நாயின் மயிரைக் கொண்டே விளக்கலாம்.

நாய்களின் மயிர் வேறுபாட்டிற் பெரும்பகுதி மூன்று மரபணுக்களால் அமைவது என 2009-இல் அறிஞர் கண்டு வெளியிட்டனர். ஒன்று மயிரின் நீளத்தை வகுப்பது. ஒன்று சுருளை வகுப்பது. மற்றொன்று மீசையும் புருவமும் போல முகத்தில் மயிர் அடர்ந்து தோன்றச் செய்வது. இம்மூன்றாவது மரபணு, மயிர் உதிர்தலைக் குறைப்பதிலும் பங்குடையது. நீளத்தை வகுக்கும் மரபணுவில் குறுமயிர்த் தன்மை ஓங்கியது; நெடுமயிர்த் தன்மை ஒடுங்கியது. அஃதாவது, தாய் தந்தை இருவரிடமிருந்தும் நெடுமயிர்க் கூற்றைப் பெற்றாலன்றிக் குட்டிக்கு நெடுமயிர் வாய்ப்பதில்லை.

இப்பொழுது நம் இரு நாய்களையும் நோக்குக. லாப்ரடார் குறுமயிர் உடையது. பூடில் நெடுமயிர் உடையது. ஆதலின் இவ்விரண்டின் முதற்றலைமுறைக் குட்டி, பெரும்பாலும் குறுமயிர்க் கூறு ஒன்றும் நெடுமயிர்க் கூறு ஒன்றும் உடையதாய், கம்பி போன்ற, முரடான, மிக நீளாத மயிர் பெறுகின்றது. கோல்டன் ரெட்ரீவரோ பூடிலைப் போலவே நெடுமயிர் உடையது. ஆகவே கோல்டன்டூடிற் குட்டிக்கு நெடுமயிரே வாய்க்கின்றது. அது அலையலையாய், மென்மையாய்த் தொங்கும். காண்பார் கண்ணைக் கவர்வது இதுவே. ஆயின் சிக்கும் சடையும் மிகுதியாய்ப் பிடிப்பதும் இதுவே.

இனி, முதற்றலைமுறையைச் சேர்ந்த இரு கலப்பினங்களைத் தம்முட் கூட்டினால், பிறக்கும் குட்டிகள் நான்கனுள் ஒன்று என்னும் அளவில், முகமயிர்க் கூறு சிறிதும் பெறாமல் ரெட்ரீவரைப் போன்றே மயிர் உதிர்ப்பனவாதல் கூடும். மீண்டும் பூடிலோடு கூட்டினாலோ சுருளும் முகமயிரும் மிகும், உதிர்தல் குறையும். ஆகவே “உதிராத நாய்” என்று விற்பார் கூறின், “எத்தலைமுறை? பெற்றோர் யாவை?” என்று வினவுதல் வேண்டும். பெயர் மட்டும் ஒன்றனையும் உறுதி செய்யாது.

மயிர் உதிராமை வேறு. ஒவ்வாமை தாராமை வேறு. இவ்விரண்டனையும் ஒன்றெனக் கொள்வதே பலர் படும் துன்பத்திற்கு மூலம். ஒவ்வாமையை விளைப்பன மயிரிழைகள் அல்ல. நாயின் உமிழ்நீரிலும் தோற்பொடியிலும் சிறுநீரிலும் உள்ள புரதங்களே. நெதர்லாந்தில் நிகழ்ந்து 2012-இல் வெளிவந்த ஆராய்ச்சியில், ஒவ்வாமை தாராதவை எனப் புகழப்பட்ட இனங்களின் மயிரில் அப்புரதம் குறையக் காணோம்; மிகுந்தே காணப்பட்டது. லாப்ரடூடில் வளர்ந்த வீடுகளின் தரைத்தூசியில் ஓரளவு குறைந்திருந்ததேனும், வீட்டுக் காற்றில் வேறுபாடு தோன்றவில்லை. ஆதலின், இழுப்பு நோயுடைய குழந்தை உள்ள வீட்டார் விளம்பரத்தை நம்பி நாயை வாங்குதல் தகாது. வாங்கக் கருதிய அதே குட்டியோடும் அதன் தாயோடும் பன்முறை சென்று, நெடும்பொழுது பழகிப் பார்த்து, மருத்துவரையும் கலந்த பின்னரே துணிதல் வேண்டும். இன்றேல், குழந்தை அதனிடம் அன்பு கொண்ட பின்னர் நாயை அகற்ற நேரும். அப்பொழுது இரண்டு உயிர்கள் வருந்தும்.

நோய்களைப் பற்றியும் ஒரு பொய்ந்நம்பிக்கை உண்டு. கலப்பினம் ஆதலின் நோயற்றது என்பர். இது பாதி உண்மை. ஒடுங்கிய மரபணுக் குறை தாயிடம் மட்டும் இருந்தால் முதற்றலைமுறைக் குட்டி அந்நோயினின்றும் தப்பும். ஆயின் அதே குறை இருவரிடத்தும் இருந்தால் கலப்பு என் செய்யும்? விழித்திரை மெல்லத் தேய்ந்து குருடாக்கும் நோய்க்குரிய மரபணுக் குறை, பூடில், லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் ஆகிய மூன்றிலும் காணப்படுவது. இடுப்பு மூட்டுப் பிசகும் மூன்றிற்கும் பொது. இங்கிலாந்தின் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரியார், லாப்ரடூடில் உள்ளிட்ட மூன்று பூடிற் கலப்பினங்களை அவற்றின் பெற்றோரினங்களோடு ஒப்பிட்டு 2024-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பெரும்பாலான நோய்களில் இரு திறத்தார்க்கும் வேறுபாடு இல்லை என்றே முடிந்தது.

தனித்தனியே நோக்கின், லாப்ரடார்களுள் ஏறக்குறைய நான்கனுள் ஒன்று, பசியை அடக்கும் மரபணு சிதைந்திருத்தலால் எப்பொழுதும் உண்ண விரும்புவது எனக் கேம்பிரிட்ஜ் அறிஞர் 2016-இல் கண்டனர். அக்குறை ஒரு பெற்றோரிடமிருந்து வரினும் பயன் விளைப்பதாதலின், லாப்ரடூடில் வளர்ப்பார் உணவை அளந்து இடுதல் நன்று. கோல்டன் ரெட்ரீவர்களுக்கோ அமெரிக்காவிற் புற்றுநோய் மிகுதி. அதன் காரணம் அறியவே 2012-இல் தொடங்கி மூவாயிரத்திற்கு மேற்பட்ட அவ்வின நாய்களை வாழ்நாள் முழுதும் கண்காணிக்கும் ஆராய்ச்சி அங்கு நிகழ்கின்றது. ஆதலின் கோல்டன்டூடில் கொள்வார், குட்டியின் பாட்டன் பாட்டியர் எவ்வயதில், எந்நோயால் இறந்தன என வினவுதல் நன்று.

குணத்தைப் பற்றி ஒரு சொல். லாப்ரடூடில் துள்ளலும் தொழில் வேட்கையும் சிறிது மிக்கது என்றும், கோல்டன்டூடில் மென்மையும் இணக்கமும் சிறிது மிக்கது என்றும் வளர்ப்போர் பலர் கூறுவர். ஆயின் ஓர் ஈற்றின் குட்டிகளுக்குள் காணும் வேறுபாடு, இவ்விரு இனங்கட்கிடையே காணும் வேறுபாட்டினும் பெரிதாதல் உண்டு. இரண்டிற்கும் நாடோறும் ஓட்டமும் ஆட்டமும் அறிவுக்கு வேலையும் வேண்டும். காலை முதல் மாலை வரை பூட்டிய அறையில் தனியே விடப்படின், இரண்டும் கதவைப் பிறாண்டும், இரண்டும் குரைக்கும்.

மயிரைப் பேணும் உழைப்பே இவற்றைத் தெரிதற்கு உண்மையான உரைகல். கோல்டன்டூடிலை நாடோறும் தோலைத் தொடும்படி சீவுதல் வேண்டும். மேலே மட்டும் தடவினால், அடியிற் சடை கட்டித் தோலை இழுத்துப் புண்ணாக்கும். குட்டிமயிர் நீங்கிப் பெருநாயின் மயிர் முளைக்கும் ஓராண்டுப் பருவத்தில் இத்துன்பம் மிகும். ஆறு முதல் எட்டு வாரத்திற்கு ஒருமுறை கத்தரித்தலும் வேண்டும். அதற்குக் கூலி உண்டு. கம்பிமயிர் வாய்த்த முதற்றலைமுறை லாப்ரடூடிலுக்கு இவ்வுழைப்பு குறைவு; ஆயின் அது சிறிது மயிர் உதிர்க்கும். சுருள் மிக்க லாப்ரடூடிலுக்கோ கோல்டன்டூடிலின் உழைப்பே வேண்டும்.

ஆகவே, ஓட்டமும் நடையும் விரும்பி, சீவுதற்குப் பொழுது இல்லாதார்க்கு முதற்றலைமுறை லாப்ரடூடில் ஏற்றது. நாடோறும் அமர்ந்து சீவும் பொறுமையும் கத்தரிக்கும் பொருளும் உடையார்க்குக் கோல்டன்டூடில் ஏற்றது. மயிர் உதிராமை ஒன்றே வேண்டுவார், இரண்டனையும் விடுத்துப் பூடிலையே கொள்ளலாம். கலப்பிற் கிட்டுமோ கிட்டாதோ என ஐயுறும் அத்தன்மை, அதனிடத்து ஐயமின்றி உண்டு. வீடு துறக்கப்பட்ட நாய்களைக் காக்கும் இல்லங்களிலும் இவ்விரு வகையும் வருதலின், வளர்ந்த நாயைக் கண்டறிந்து கொள்ளுதலும் அறிவுடைமையே. அதன் மயிரும் குணமும் முன்னரே வெளிப்பட்டிருக்கும்.

எதனைக் கொள்ளினும், குட்டியைத் தாயோடு கண்டு, பெற்றோரின் இடுப்பும் கண்ணும் சோதிக்கப்பட்ட சான்று பெற்றே கொள்க. இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் முதல், ஆறு திங்கள் நிரம்பாத குட்டிகளை இடைத்தரகர் விற்றலாகாது எனச் சட்டமே வகுத்துள்ளனர். இருண்ட கொட்டில்களில் ஓயாது ஈன்று ஈன்று நைந்துபோகும் தாய் நாய்களின் துன்பத்தைத் தடுத்தற்கே அச்சட்டம் எழுந்தது. வாங்குவார் தாயைக் காணாமல் வாங்கும் வரை அக்கொட்டில்கள் மூடா. நாயின் அழகைக் குட்டி காட்டும். அதனை வளர்த்தவன் நெஞ்சைத் தாய் காட்டும்.