மணல் மேட்டில் ஒரு மாலை: ஜீப்பும் ஒட்டகமும்

தில்லியில் வாழும் நம்மில் பலருக்கு ஒட்டகம் என்றால் குடியரசு தின அணிவகுப்புதான் நினைவுக்கு வரும். எல்லைப் பாதுகாப்புப் படையின் ஒட்டகப் பிரிவு, வண்ணக் குஞ்சங்கள் ஆட, வாத்தியம் முழங்க வரும்போது கைதட்டுவோம். அந்த ஒட்டகங்கள் எந்த மண்ணிலிருந்து வருகின்றன என்று போய்ப் பார்க்க, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இங்கே குப்பை கொட்டியும் எனக்கு வாய்க்கவில்லை. சென்ற டிசம்பரில் அரையாண்டு விடுமுறைக்குச் சென்னையிலிருந்து வந்த பேத்தி, "தாத்தா, பாலைவனம் பார்க்கணும்" என்று பிடிவாதம் பிடித்ததால் நானும் என் மனைவியும் அவளை அழைத்துக்கொண்டு ஜெய்சல்மேருக்கு ரயில் ஏறினோம். அங்கே கழித்தது ஒரே ஒரு மாலைப் பொழுதுதான். ஆனாலும் அன்று தெரிந்துகொண்டவை, இனிப் போகவிருக்கும் சங்க அன்பர்களுக்குப் பயன்படும் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

சுற்றுலா என்பது என்ன?

ஜெய்சல்மேர் 1156-ல் ராவல் ஜெய்சல் என்ற அரசர் நிறுவிய ஊர். மஞ்சள் நிறக் கல்லால் கட்டிய அதன் கோட்டையில் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். சத்யஜித் ராய் 1974-ல் எடுத்த 'சோனார் கெல்லா' படத்துக்குப் பிறகு வங்காளிகள் இங்கே கூட்டம் கூட்டமாக வரத் தொடங்கினார்கள். ஊரிலிருந்து மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் இருப்பது சம் என்ற கிராமம். அதை ஒட்டிய மணல் மேடுகளுக்குத்தான் பெரும்பாலான 'டெசர்ட் சஃபாரி' வண்டிகள் போகின்றன. பிற்பகல் மூன்று மணிக்குப் புறப்பாடு. ஜீப்பில் மணல் மேடுகளில் அரை மணி, ஒட்டகத்தின் மேல் கொஞ்ச நேரம், சூரிய அஸ்தமனம், கூடாரத்தில் பாட்டும் சாப்பாடும், இரவு பத்து மணிக்குள் திரும்பிவிடலாம்.

போகும் வழியிலேயே பேத்திக்கு ஏமாற்றம். "எங்கே தாத்தா மணல்? வெறும் கல்லும் செடியுமா இருக்கு!" அவள் கேட்டது சரிதான். தார் பாலைவனம் முழுவதும் மணற்கடல் அன்று. கற்பாறைத் தரை, சரளை, புதர்க்காடு, புல்வெளி, நடுநடுவே மணல் மேடுகள். இதுதான் அதன் உண்மை உருவம். ஆண்டுக்குச் சுமார் 20 சென்டிமீட்டர் மழையே பெய்யும் இந்த மண்ணில் ஊர்கள் இருக்கின்றன, கம்பு விளைகிறது, ஆடு மாடுகள் மேய்கின்றன. சாலையோரம் நின்ற மரங்களில் பலவற்றை நமக்கு நன்றாகத் தெரியும். இவர்கள் 'கேஜ்ரி' என்று சொல்லும் மரம் நம் ஊர்க் கோயில்களில் தலவிருட்சமாக நிற்கும் வன்னி. ராஜஸ்தானின் மாநில மரமும் அதுவே. அதன் காயை இங்கே உலர்த்திக் கறி சமைக்கிறார்கள். பக்கத்திலேயே இலந்தையும் எருக்கும்.

நம் முன்னோர் பாலையைத் தனி நிலமாக எண்ணவில்லை. முல்லையும் குறிஞ்சியும் கோடையில் தம் இயல்பு கெட்டுக் கொள்ளும் வடிவமே பாலை என்று சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை கூறுகிறது. தார் அப்படி ஒரு பருவத்தில் வந்து போகும் பாலை அன்று, நிரந்தரப் பாலை. ஆனால் பாலை என்றால் உயிரற்ற வெற்றிடம் இல்லை என்ற அளவில் அந்தப் பார்வை இங்கேயும் பொருந்துகிறது.

மணல் மேடு உருவாகும் விதம்

காற்று மணலைத் தூசிபோலத் தூக்கிச் செல்வதில்லை. மணிகள் தரையிலிருந்து சற்றே எழும்பி, குதித்துக் குதித்து நகர்கின்றன. ஏதேனும் ஒரு புதரோ மேடோ தடுத்தால் அங்கே குவிகின்றன. காற்று வரும் பக்கம் சரிவு மென்மையாக இருக்கும். உச்சியைத் தாண்டிய மணி மறுபக்கம் சரிந்து விழுவதால் அந்தப் பக்கம் செங்குத்தாக, சுமார் 33 பாகைச் சரிவில் நிற்கும். உலர்ந்த மணல் அதற்கு மேல் சாய்வாக நிற்க முடியாது; சரிந்துவிடும். தாரில் இந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது கோடையில் வீசும் தென்மேற்குக் காற்று.

எல்லா மேடும் நகர்வதில்லை. புல்லும் புதரும் வேர்விட்ட மேட்டில் மணல் அடங்கி நிற்கும். வேர் போனால் மணல் மறுபடி நகரத் தொடங்கும். பக்கத்து வயலையும் கிணற்றையும் அது மூடிவிடும். இதைப் பின்னால் சொல்லப்போவதற்காக இங்கே குறித்து வைக்கிறேன்.

ஜீப் சவாரி

மேடுகளின் அடிவாரத்தில் ஓட்டுநர் வண்டியை நிறுத்தி டயர்களிலிருந்து காற்றைப் பிடுங்கிவிட்டார். சாலையில் 30 பவுண்டுக்கு மேல் இருக்கும் காற்றை ஏறக்குறைய பாதியாக்குவார்களாம். காற்று குறைந்தால் டயர் தட்டையாகப் பரவும். பாரம் அதிக இடத்தில் பகிர்ந்துகொள்வதால் சக்கரம் மணலில் புதையாது. பிறகு ஃபோர் வீல் டிரைவ் போட்டு, வேகம் குறையாமல் மேட்டின் மேல் நேராக ஏற்றினார். நடுவில் தயங்கினால் வண்டி புதைந்துவிடும். உச்சியை நெருங்கியதும் வேகத்தைக் குறைக்க வேண்டும், ஏனென்றால் மறுபக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாது. செங்குத்துச் சரிவில் இறங்கும்போதும் நேராகவே இறங்க வேண்டும். குறுக்காகப் போனால் வண்டி உருண்டுவிடும்.

நான் செய்த தவறு இங்கேதான். இந்த ஜீப்புகள் பெரும்பாலும் திறந்தவை. பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்வார்கள். அறுபத்தெட்டு வயதில், "நீங்க முன்னாடி பெல்ட் போட்டு உட்காருங்க" என்று மனைவி சொன்னதைக் கேட்காமல் பேத்தியோடு பின்னால் ஏறினேன். மூன்றாவது மேட்டின் உச்சியில் ஓட்டுநர் வேகத்தைக் குறைக்கவில்லை. வண்டி ஒரு கணம் அந்தரத்தில் நின்று தொப்பென்று விழுந்தது. நான் இருக்கையில் விழுந்த வேகத்தில் இடுப்பெலும்பு வரை மின்சாரம் பாய்ந்தது போல இருந்தது. மூன்று வாரம் இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு நடந்தேன். "சொன்னேனே, கேட்டீங்களா?" என்ற அர்ச்சனையும் அவ்வளவு நாள் நடந்தது.

ஒட்டகத்தின் மேல்

மணலில் வரிசையாகப் படுத்திருந்தன ஒட்டகங்கள். சிறுபாணாற்றுப்படையில், கடலலை கொண்டுவந்து ஒதுக்கிய நறுமணக் கட்டைகளுக்குத் தூங்கும் ஒட்டகம் உவமையாக வருவது நினைவுக்கு வந்தது. தொல்காப்பிய மரபியலும் ஒட்டகத்தின் பெண்ணைப் 'பெட்டை' என்று சொல்லலாம் என்கிறது. தமிழ் நாட்டு விலங்கு இல்லை என்றாலும் நம் புலவர்கள் அதை உற்றுப் பார்த்திருக்கிறார்கள்.

ஏறுபவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: ஒட்டகம் எழும்போது பின்னங்கால்கள் முதலில் நிமிரும். நாம் முன்னால் கவிழ்வோம். ஆகவே உடலைப் பின்னால் சாய்த்துக்கொள்ள வேண்டும். உட்காரும்போது முன்னங்கால் முதலில் மடங்கும். அப்போதும் பின்னால்தான் சாய வேண்டும். நடக்கையில் ஒரே பக்கத்து முன்கால், பின்கால் இரண்டையும் சேர்த்து எடுத்து வைப்பதால் தொட்டில்போல ஆடும்.

"தாத்தா, திமில்ல தண்ணி ரொப்பி வச்சிருக்குமாமே?" என்றாள் பேத்தி. நம்மில் பலரும் பள்ளியில் அப்படித்தான் படித்தோம். திமிலில் இருப்பது கொழுப்பு. தீனி கிடைக்காத காலத்துக்கான சேமிப்பு. தண்ணீரைப் பொறுத்தவரை ஒட்டகத்தின் திறமை சிக்கனம்தான். தாகமுள்ள ஒட்டகத்தின் உடல் வெப்பம் இரவில் 34 டிகிரி வரை இறங்கி, பகலில் 40 வரை ஏறும். அதுவரை வியர்த்துத் தண்ணீரை வீணாக்காது. உடல் எடையில் கால் பங்கு நீரை இழந்தாலும் தாங்கும். தண்ணீரைக் கண்டால் கால் மணி நேரத்துக்குள் 100 லிட்டர் வரை குடித்துவிடும். அதன் இரத்தச் சிவப்பணுக்கள் நீள்வட்ட வடிவில் இருப்பதால் அவ்வளவு நீர் திடீரென்று சேர்ந்தாலும் வெடிப்பதில்லை. பாதமோ இரண்டு விரலோடு அகன்ற மெத்தை, மிதித்தால் பரவும். டயரில் காற்றைக் குறைத்து ஓட்டுநர் செய்த வித்தை, ஒட்டகத்துக்குப் பிறவியிலேயே வந்தது.

ஒட்டகக்காரர் சொன்னது

எங்களை நடத்திச் சென்றவருக்கு வயது அறுபது இருக்கும். கயிற்றைப் பிடித்து நடந்தபடியே என் அரைகுறை இந்திக்குப் பொறுமையாகப் பதில் சொன்னார். அவர் தகப்பனார் காலத்தில் வீட்டில் பதினைந்து ஒட்டகங்கள், இப்போது இரண்டு. "பசங்க?" என்று கேட்டேன். தூரத்தில் மணலைக் கிளப்பிக்கொண்டு போன ஒரு ஜீப்பைக் காட்டினார். "அதை ஓட்டறவன் என் மகன்தான், பாபுஜி."

"ஜீப் வந்து உங்க பிழைப்பைக் கெடுத்துடுச்சுன்னு கோபம் இல்லையா?"

அவர் சிரித்தார். "அவன் மேல என்ன கோபம்? சீசன் நாலு மாசம். அது முடிஞ்சா ஜீப்பை நிறுத்தி வச்சுடலாம், அது தீனி கேக்காது. இது வருஷம் பூரா சாப்பிடுமே. முன்னே அவிழ்த்துவிட்டா தானே மேஞ்சுட்டு வரும். இப்போ மேயற இடம் எங்கே?"

நான் ஜீப்பைத்தான் குற்றவாளி என்று நினைத்திருந்தேன். அவர் காட்டியது வேறு கணக்கு. இந்திரா காந்தி கால்வாய் வந்தபின் மேய்ச்சல் நிலங்கள் பல வயல்களாயின. காற்றாலைகளும் சூரிய மின் பண்ணைகளும் வந்து வேலி போட்டன. 'ஓரண்' என்று தெய்வத்தின் பெயரால் காத்துவந்த பொது மேய்ச்சல் காடுகளும் சுருங்குகின்றன. டிராக்டரும் லாரியும் பாரம் சுமக்கத் தொடங்கிய பிறகு, ஒட்டகத்துக்கு மிஞ்சிய வேலைகளில் ஒன்று நம்மைப் போன்றவர்களைச் சுமப்பது.

கால்நடைக் கணக்கெடுப்பும் அதையே காட்டுகிறது. 2012-ல் இந்தியாவில் சுமார் 4 லட்சம் ஒட்டகங்கள் இருந்தன. 2019-ல் சுமார் 2.5 லட்சம். அவற்றில் பெரும்பகுதி ராஜஸ்தானில். மாநில அரசு 2014-ல் ஒட்டகத்தை மாநில விலங்காக அறிவித்தது. 2015-ல் அதை வெட்டுவதையும், அனுமதியின்றி வெளி மாநிலத்துக்குக் கொண்டுசெல்வதையும் தடுத்துச் சட்டம் இயற்றியது. நல்ல எண்ணம்தான். ஆனால் வெளியிலிருந்து வாங்குபவர் வராததால் சந்தை விலை விழுந்துவிட்டது என்பது வளர்ப்பவர்களின் குறை. விற்க முடியாததை யார் வளர்ப்பார்கள்? ரைகா, ரேபாரி சமூகத்தினர் தலைமுறை தலைமுறையாகச் செய்த தொழிலைப் பிள்ளைகள் விட்டுப் போகிறார்கள். ஒட்டகப் பாலுக்கு இப்போதுதான் மெல்லச் சந்தை உருவாகிறது.

இன்னொரு உயிரையும் சொல்ல வேண்டும். சம் பகுதியை ஒட்டியே பாலைவன தேசியப் பூங்கா இருக்கிறது. ராஜஸ்தானின் மாநிலப் பறவையான கானமயில் அங்கே புல்வெளியில் தரையில் முட்டையிடும். உலகிலேயே அது இருநூறுக்கும் குறைவாகத்தான் மிஞ்சியுள்ளது. அதைக் காப்பாற்ற 2019 முதல் சம்மிலேயே ஓர் இனப்பெருக்க மையம் இயங்குகிறது. வழக்கமான தடத்தை விட்டு ஜீப் புல்லிலும் புதரிலும் ஏறினால் நசுங்குவது வெறும் செடி மட்டும் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

போகும் அன்பர்களுக்கு

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல பருவம். இரவில் குளிர் கடுமை, ஸ்வெட்டர் அவசியம். கோடையில் வெயில் 45 டிகிரியைத் தாண்டும், அப்போது வேண்டாம். முதுகுவலி, எலும்புத் தேய்மானம், இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஜீப்பின் மணல் சவாரியைத் தவிர்க்க வேண்டும். மற்றவர்கள் பெல்ட் உள்ள வண்டியைக் கேட்டு வாங்கி, உட்கார்ந்தே போங்கள். பசுமை இல்லாத வெறும் மணலில் மட்டும் ஓட்டும்படி புறப்படும் முன்பே சொல்லிவிடுங்கள். ஒட்டகத்தின் முதுகிலோ மூக்கிலோ புண் இருந்தால் அதில் ஏறாதீர்கள். ஒரே ஒட்டகத்தில் மூன்று பேரை ஏற்றினால் மறுத்துவிடுங்கள்.

முக்கியமாக, கட்டணப் பொட்டலத்தில் ஒட்டகத்துக்கு இருபது நிமிடமே ஒதுக்குவார்கள். அதிலிருந்து ஒட்டகக்காரருக்கு என்ன போகிறது என்று கேளுங்கள். முடிந்தால் தனியாகப் பேசி, ஒரு மணி நேரத்துக்கு அவரிடமே கூலி கொடுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். ஜீப்பில் பார்த்ததைவிட அதில்தான் அதிகம் பார்த்தோம்.

திரும்பும் வேளையில் இருட்டிவிட்டது. கூடாரத்தில் மாங்கணியார் பாடகர்களின் பாட்டு கேட்டது. அவர்கள் வாசித்த 'மோர்ச்சங்' வேறொன்றும் இல்லை, நம் கச்சேரிகளில் கேட்கும் முகர்சிங்தான். ஒட்டகக்காரர் விடைபெறும்போது பேத்தி அவரிடம், "அடுத்த தடவை வந்தா இந்த ஒட்டகம் இருக்குமா?" என்று கேட்டாள். நான் இந்தியில் சொன்னேன். "நீங்க வந்தா இருக்கும்" என்றார் அவர்.