தோட்டத்துக்குத் திரும்ப நினைக்கும் பேத்தி

"வணக்கம். என் பெயர் இன்னது. நான் இன்ன பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு படிக்கிறேன். ஓய்வு நேரத்தில் பாட்டுக் கேட்பேன், பூப்பந்து விளையாடுவேன். படித்து முடித்ததும் நல்ல வேலையில் சேர்ந்து பெற்றோரைப் பெருமைப்படுத்த வேண்டும் என்பதே என் ஆசை."

வானொலியில் இளையோருக்கான நிகழ்ச்சி நடத்தும் எனக்கு இது ஏறக்குறைய மனப்பாடம். பெயரும் பல்கலைக்கழகமும்தான் மாறும். கெடாவிலிருந்து வந்த பிள்ளையும் ஜொகூரிலிருந்து வந்த பிள்ளையும் இதையேதான் சொல்வார்கள். பொறியியல் படிப்பவர், கணக்கியல் படிப்பவர், தாதிமை படிப்பவர் என்ற வேறுபாடும் இதில் தெரியாது. நான் குறை சொல்லவில்லை. தொடக்கப்பள்ளியில் 'நான்', 'என் குடும்பம்', 'என் எதிர்கால ஆசை' என்று கட்டுரை எழுதிப் பழகியவர்கள் நாம். ஒலிவாங்கி முன்னால் உட்கார்ந்து, சிவப்பு விளக்கு எரிந்து, தொண்டை வறண்டுபோகும் நேரத்தில் அந்தப் பழைய கட்டுரைதான் கை கொடுக்கிறது.

ஆனால் இறுதியாண்டு மாணவருக்கு இந்தச் சில வரிகள் வெறும் சம்பிரதாயம் அல்ல. தொழிற்பயிற்சிக்குப் போனாலும், வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் போனாலும், முதுகலைக்கு இடம் கேட்டுப் போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்." அதனால் இப்போதெல்லாம் நிகழ்ச்சிக்கு வரும் மாணவர்களிடம் பதிவுக்கு முன் நான் வேறொன்று கேட்கிறேன். "நேற்று என்ன செய்தீங்க?"

அண்மையில் நிலையத்துக்கு வந்த ஒரு மாணவியிடமும் அப்படித்தான் கேட்டேன். "பெயரைப் போடாதீங்க அக்கா, வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கிட்டு இருக்கேன்" என்று அவர் கேட்டுக்கொண்டதால் பெயரும் பல்கலைக்கழகமும் இங்கே இல்லை. கிள்ளான் பிள்ளை. அப்பா கொள்கலன் லோரி ஓட்டுகிறார். அம்மா பாலர் பள்ளியில் வேலை. தமிழ்ப்பள்ளி, பிறகு இடைநிலைப்பள்ளி, பிறகு ஆறாம் படிவம். கோவிட் காலத்தில், 2020-ஆம் ஆண்டின் எஸ்பிஎம் தேர்வை 2021 பிப்ரவரியில் எழுதிய கூட்டத்தைச் சேர்ந்தவர். இப்போது பொதுப் பல்கலைக்கழகம் ஒன்றில் வேளாண் அறிவியல், நான்காம் ஆண்டு.

நேற்று என்ன செய்தார்? "இருபத்து நாலு தட்டை அளந்தேன்."

சாப்பாட்டுத் தட்டு இல்லை. ஆய்வுக்கூடத்தில் கிருமி வளர்க்கும் வட்டமான, மூடி போட்ட பெட்ரி தட்டு. உருளைக்கிழங்குச் சாறும் சர்க்கரையும் கலந்த கூழ் அதில் உறைந்து கிடக்கும். ஒரு பக்கம் ஒரு பூஞ்சை, எதிர்ப் பக்கம் இன்னொரு பூஞ்சை. இரண்டும் ஒன்றை நோக்கி ஒன்று வளரும். எது எதை எத்தனை மில்லிமீட்டரில் தடுத்து நிறுத்துகிறது என்று அளவுகோல் வைத்து அளப்பதுதான் அவருடைய இறுதியாண்டு ஆய்வு.

தடுக்கப்பட வேண்டிய பூஞ்சையின் பெயர் கனோடெர்மா. செம்பனைத் தோட்டக்காரர்களின் தூக்கத்தைக் கெடுக்கும் பெயர் இது. மரத்தின் அடித்தண்டை உள்ளிருந்தே அழுக வைக்கும். புதுக் குருத்துகள் விரியாமல் ஈட்டி ஈட்டியாக நிற்கும். கீழ் மட்டைகள் பாவாடை போலச் சரிந்து தொங்கும். அடிமரத்தில் பலகை பலகையாகக் காளான் தட்டுகள் முளைக்கும். இவை கண்ணுக்குத் தெரியும்போது மரத்தின் உட்பகுதி பெரும்பாலும் செத்துப்போயிருக்கும். முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. பழைய மரத்தின் அடிக்கட்டையிலும் வேரிலும் நோய் தங்கிவிடுவதால், வெட்டிவிட்டுப் புதுக் கன்று நட்டாலும் அதற்கும் தொற்றும். இருபத்தைந்து ஆண்டு குலை தர வேண்டிய மரம் பாதியிலேயே சாய்ந்துவிடும்.

இதை எதிர்க்க அவர் பயன்படுத்துவது டிரைக்கோடெர்மா என்ற இன்னொரு பூஞ்சை. மண்ணில் இயற்கையாகவே இருப்பது, பச்சை நிறம், வேகமாகப் பரவும். "ஆய்வுக்கூடத்துல மத்தவங்க தட்டுல பச்சைப் பூசணம் வந்துட்டா, போச்சுன்னு தலையில கை வச்சிடுவாங்க. என் தட்டுல அதுதான் அக்கா கதாநாயகன்" என்று சொல்லிச் சிரித்தார். அந்த மாணவி சிரித்தது அப்போதுதான். அதற்குமுன் எழுதிக் கொண்டுவந்திருந்த அறிமுகத்தை வாசித்தபோது முகத்தில் ஓர் அசைவும் இல்லை.

எழுதிவந்த தாளில் தட்டும் இல்லை, பூஞ்சையும் இல்லை. ஏன் என்றால், "தமிழ்ல எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

இதற்கு அவர் மட்டும் பொறுப்பல்ல. 2003-இல் இந்த நாட்டுப் பள்ளிகளில், தமிழ்ப்பள்ளிகள் உட்பட, அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாறின. சில ஆண்டுகளில் கொள்கை மீண்டும் மாறி, படிப்படியாக அவரவர் மொழிக்குத் திரும்பின. இந்த மாணவியின் வயதுக்காரர்கள் அந்த மாற்றத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்கள். முதலாம் ஆண்டில் ஆங்கிலம், பிறகு கொஞ்சம் தமிழ், இடைநிலைப்பள்ளியில் மலாய், பல்கலைக்கழகத்தில் மலாயும் ஆங்கிலமும். இதில் 'பூஞ்சை' என்ற சொல் எங்கோ விழுந்துவிட்டது. எடுத்துக் கொடுத்தேன். அடுத்த பத்து நிமிடம் அதை வைத்துக்கொண்டு அவர் சரளமாகப் பேசினார். நாம் பயப்படும் அளவுக்குச் சொற்கள் தொலைந்துபோகவில்லை. பக்கத்தில் யாராவது எடுத்துக் கொடுத்தால் போதும்.

பொழுதுபோக்கும் அப்படித்தான். தாளில் 'பாட்டுக் கேட்பது'. உண்மையில் அவர் செய்வது, விடுதியிலிருந்து விரிவுரை மண்டபத்துக்குப் போகும் வழியில் மரத்தடியிலும் சாக்கடை ஓரத்திலும் முளைக்கும் காளான்களைப் படம் பிடித்து, பெயர் கண்டுபிடித்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவது. சின்னம்மா ஒவ்வொரு படத்துக்கும் ஒரே கேள்விதான் கேட்பாராம்: "இதைச் சமைக்கலாமா?"

பேச்சு நிறைவடையும் நேரத்தில், பெரிதாக எதையும் எதிர்பார்க்காமல், "வீட்டுல யாராவது தோட்டத்துல வேலை செஞ்சிருக்காங்களா?" என்று கேட்டேன். நம் குடும்பங்களில் இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் 'ஆமாம்' என்றுதான் பதில் வரும். அவரும் ஆமாம் என்றார். பாட்டி கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் வெளிக்காட்டு வேலை செய்தவர். "செம்பனையில பொடி அடிச்சாங்களாம்."

பொடியா? களைக்கொல்லியா, உரமா?

இரண்டும் இல்லை. மகரந்தம்.

இதைச் சற்று விளக்கியாக வேண்டும், ஏனென்றால் இன்றைய இளையோரில் பலர் இதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். செம்பனை மேற்கு ஆப்பிரிக்க மரம். இந்த நாட்டில் அதை வாணிப நோக்கில் முதலில் நட்டது 1917-இல், கோலசிலாங்கூர் வட்டாரத்தில், ஆன்றி ஃபோகொன்னியே என்ற பிரெஞ்சுக்காரரின் தென்னமரம் தோட்டத்தில். (ஆமாம், தோட்டத்தின் பெயரே தமிழ்தான். அங்கே யார் வேலை செய்தார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.) ரப்பர் விலை தடுமாறத் தொடங்கிய பின், 1960-களிலிருந்து, பால்மரத்தை வெட்டிவிட்டுச் செம்பனை நட்ட தோட்டங்கள் பெருகின. மரம் வந்துவிட்டது. ஆனால் ஆப்பிரிக்காவில் அதன் பூவுக்குப் பூ மகரந்தம் சுமந்த பூச்சி கூட வரவில்லை. செம்பனையில் ஆண் பூங்கொத்தும் பெண் பூங்கொத்தும் ஒரே மரத்தில் வெவ்வேறு காலத்தில் பூக்கும். யாராவது ஒரு மரத்து மகரந்தத்தை இன்னொரு மரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இல்லையென்றால் குலை சரியாகப் பிடிக்காது.

அந்த வேலையைச் செய்தவர்கள் மனிதர்கள். அவர்களில் நம் பெண்கள் நிறையப் பேர். சேகரித்த மகரந்தத்தை முகப்பவுடருக்குப் பயன்படும் வெள்ளை மாவோடு கலந்து, ஊதுகுழாயில் அடைத்துக்கொண்டு, விரிந்த பெண் பூ எங்கே இருக்கிறதென்று மரம் மரமாகத் தேடிப்போய் அடிப்பார்கள். பூ ஒரே நாளில் விரிந்து முடிவதில்லை, எல்லா மரமும் ஒன்றாகப் பூப்பதும் இல்லை. அதனால் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அதே வரிசைக்குத் திரும்பப் போக வேண்டும். மட்டையெல்லாம் முள். காலை பெரட்டு முடிந்து போனால் வெயில் ஏறும்வரை இதே வேலை.

1981-இல் கேமரூன் நாட்டிலிருந்து ஒரு மூக்கு வண்டைக் கொண்டுவந்து தோட்டங்களில் விட்டார்கள். எள்ளை விடச் சற்றே பெரிய பூச்சி. ஆண் பூவில் குடியிருந்து, பெண் பூவுக்கும் போய் வரும். அவ்வளவுதான், பொடி அடிக்கும் வேலைக்குத் தேவையில்லாமல் போயிற்று. மலேசிய வேளாண் வரலாற்றில் அதைப் பெரிய வெற்றியாக எழுதுகிறார்கள், அது உண்மையும்கூட. இந்த மாணவியும் இரண்டாம் ஆண்டு விரிவுரையில் அந்த வண்டைப் பற்றிப் படித்துத் தேர்வெழுதிப் புள்ளியும் வாங்கியிருக்கிறார்.

ஆனால் பாடத்தில் இருந்த வண்டையும் பாட்டியையும் அவர் இணைத்துப் பார்த்ததே இல்லை. விடுமுறைக்கு வீட்டுக்குப் போயிருந்தபோது, செம்பனைப் பூவின் வாசனைதான் வண்டை இழுக்கிறது என்று தம்பியிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாராம். பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த பாட்டி நிமிர்ந்து பார்க்காமலேயே சொன்னாராம்: "சோம்பு வாசம் அடிக்கும். தூரத்துலேயே தெரியும். அதை வச்சுத்தான் பூ விரிஞ்சிருச்சுன்னு கண்டுபிடிப்போம்."

பாட்டி சொன்னது சரி. எஸ்ட்ராகோல் என்ற, சோம்பு மணமுள்ள பொருள்தான் வண்டை அழைக்கிறது என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். "நான் அதை ஸ்லைடுல படிச்சேன். பாட்டி அதை மோந்து பாத்திருக்காங்க" என்றார் மாணவி. வண்டு வந்த பிறகு என்ன ஆயிற்று என்று பாட்டியிடம் கேட்டாராம். "இனிமே பொடி வேணாம்னு மண்டோர் சொல்லிட்டாரு. களை புடுங்கப் போட்டாங்க." அவ்வளவுதான் பதில்.

இவ்வளவும் இருக்க, இவற்றில் ஒரு வரிகூட அறிமுகத்தில் ஏன் இல்லை என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு வந்த பதிலில்தான் விஷயமே இருந்தது.

அந்த வீட்டில் தோட்டம் என்பது விட்டு வெளியேறிய இடம். தோட்டம் கைமாறி, லயத்து வீடுகள் இடிபட்டு, தாத்தாவும் பாட்டியும் பிள்ளைகளோடு கிள்ளானுக்கு வந்து, மலிவுவிலை அடுக்குமாடியில் இரண்டறை வீடு எடுத்து, அப்பா லோரியில் உதவியாளாகத் தொடங்கியது எல்லாம் தொண்ணூறுகளில். 'படிக்கலைன்னா தோட்டத்துக்குத்தான் போகணும்' என்று அப்பா சொல்லிச் சொல்லித்தான் பிள்ளைகள் படித்திருக்கிறார்கள். தோட்டம் மூடி முப்பது ஆண்டாகியும் அந்த மிரட்டல் மட்டும் உயிரோடு இருந்தது. அப்படிப் படித்த பெண் இப்போது விண்ணப்பம் போட்டிருப்பது செம்பனைத் தோட்ட நிறுவனம் ஒன்றில், 'கேடட் பிளாண்டர்' பயிற்சிக்கு. பயிற்சி முடிந்தால் உதவி நிர்வாகி. ஒரு காலத்தில் நம்மவர்கள் 'சின்னத் துரை' என்று அழைத்து ஒதுங்கி நின்ற பதவி.

"நாலு வருஷம் படிச்சிட்டு மறுபடி தோட்டமா?" என்று அப்பா கேட்டார். ஒரு வாரம் சரியாகப் பேசவில்லையாம். அம்மாவுக்குப் பயம் வேறு மாதிரி. தனியாக ஒரு பெண் பிள்ளை பகாங் காட்டுக்குள் எப்படி இருப்பாள்? இந்தப் பயத்தை நான் அலட்சியமாகப் பேச மாட்டேன். களத்தில் நிற்கும் நிர்வாகிகளில் பெண்கள் இன்னும் குறைவு, இரவு ஏழு மணிக்கு மேல் தோட்டச் சாலை எப்படி இருக்கும் என்பது போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பெற்றோர் விரும்புவது, மகள் முதுகலை முடித்து அரசாங்க ஆய்வு நிலையத்திலோ பள்ளியிலோ சேர வேண்டும் என்பது. அதுவும் நல்ல வழிதான். ஆனால் பிடிபிடிஎன் கடன் இருக்கிறது. முதல்தரப் பட்டம் பெற்றால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அதைத் திருப்பிக் கட்டுவதிலிருந்து விலக்குக் கிடைக்கும். அவருடைய சிஜிபிஏ அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கிறது. ஆய்வேட்டுக்கு நல்ல புள்ளி வந்தால் எட்டிப் பிடிக்கலாம். ஆக, அந்த இருபத்து நான்கு தட்டுகளின் மில்லிமீட்டர் கணக்கில் குடும்பத்தின் பணக் கணக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அவருக்கு ஏன் தோட்டம்தான் வேண்டும்? "தட்டுல ஜெயிக்கிற பூஞ்சை மண்ணுல ஜெயிக்குமான்னு தட்டைப் பாத்தா தெரியாது அக்கா. மழை, சேறு, பழைய வேர் எல்லாம் இருக்கிற இடத்துல போய்ப் பாக்கணும். ஆய்வுக்கூடத்துல இருக்கிறவங்க தோட்டத்துக்கு அனுமதி கேட்டுப் போவாங்க. நான் அங்கேயே இருந்தா தினமும் பாக்கலாம்." இதைச் சொல்லும்போது அவர் கையில் தாள் இல்லை.

ஒலிபரப்பில் போனது இந்தப் பதில்தான். பெயரையும் படிப்பையும் சுருக்கமாகச் சொல்லவைத்து, நேராகத் தட்டுக்கு வந்தோம். பொடி அடித்த வேலையைப் பற்றிப் பேசிய இடத்தில் நேயர்கள் அழைக்கத் தொடங்கினார்கள். தெலுக் இந்தானிலிருந்து அழைத்த ஓர் அம்மா, ஊதுகுழாயை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்கு விளக்கமே கொடுத்தார்.

வீட்டில் நிலைமை? அப்பா நிகழ்ச்சியை லோரியில் கேட்டிருக்கிறார். ஒன்றும் சொல்லவில்லையாம். பாட்டிதான் ஒரு கேள்வி கேட்டார்: "அப்ப நீ பங்களாவுலயா இருப்பே?" உதவி நிர்வாகிக்கும் வீடு கொடுப்பார்கள், ஆனால் அது பெரிய பங்களா இல்லை என்று பேத்தி விளக்கியிருக்கிறார். பாட்டி நம்பியதாகத் தெரியவில்லை.

நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்துவிட்டது. அங்கே ஆங்கிலத்தில் இரண்டு நிமிடம் தன்னைப் பற்றிப் பேச வேண்டும். பாட்டியைப் பற்றிச் சொல்லலாமா என்று என்னிடம் கேட்டார். கட்டாயம் சொல்லுங்கள் என்றேன். "கூலிக்காரங்க வீட்டுப் பிள்ளைன்னு நினைச்சிட்டா?" என்றார். நினைத்தால் நினைக்கட்டும், அந்தத் தொழிலை உங்கள் குடும்பம் இரண்டு தலைமுறைக்கு முன்பே தெரிந்து வைத்திருக்கிறது என்று அவர்களுக்குப் புரியும்படி சொல்லுங்கள் என்றேன். யோசித்துப் பார்ப்பதாகச் சொன்னார். அதற்கு முன் அளக்க வேண்டிய தட்டுகள் இன்னும் ஒரு தொகுதி இருக்கின்றனவாம்.