நினைவு நிதி எந்த ஆண்டில் கைக்கு வர வேண்டும்?

பதினொரு பிள்ளைகள், கல்லூரிக்கு ஒருவரை அனுப்பத்தான் வசதி. டெக்சஸ் மாநிலத்தின் அந்தக் கறுப்பினக் குடும்பத்தில் மகன் லியோன் தன் வாய்ப்பை இனெஸுக்கு விட்டுக்கொடுத்தார். ஆசிரியை ஆன இனெஸ் பெவர்லி ப்ராஸர், உடன்பிறந்தவர்களின் படிப்புக்கென்று தன் சம்பளத்தில் பணம் ஒதுக்கினார். 1931இல் ராக்ஃபெல்லர் பணத்தில் இயங்கிய பொதுக் கல்வி வாரியத்தின் உதவித்தொகை கிடைத்தது. அதனால் வேலையிலிருந்து விலகி நின்று படிக்க முடிந்தது. 1933இல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் கல்வி உளவியலில் முனைவரானார். அந்தத் துறையில் அப்பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண்களில் அவர் ஒருவர். மறு ஆண்டே கார் விபத்தில் இறந்தார். நாற்பது வயதுகூட ஆகவில்லை.

அவருக்கு அந்த உதவித்தொகை வாங்கிக் கொடுத்தது நேரம். இன்று அமெரிக்காவில் பள்ளி உளவியல் படிக்கும் மாணவர்களுக்குக் குறைவாக இருப்பதும் அதுதான்.

மாற்றுத்திறன் உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் அரசுப் பள்ளி இலவசமாக, தகுந்த கல்வி தர வேண்டும் என்று 1975இல் அங்கே சட்டம் வந்தது. பிள்ளைக்கு என்ன தேவை என்று மதிப்பிடுபவர்களில் முக்கியமானவர் பள்ளி உளவியலாளர். 500 மாணவருக்கு ஒருவர் வேண்டும் என்கிறது தேசியப் பள்ளி உளவியலாளர் சங்கம். பெரும்பாலான மாநிலங்கள் அந்த அளவை எட்டவில்லை.

ஆள் சேராததற்குப் படிப்பின் அமைப்பும் ஒரு காரணம். இளங்கலைக்குப் பிறகு குறைந்தது மூன்று ஆண்டுகள். கடைசி ஆண்டில் 1,200 மணி நேர இன்டர்ன்ஷிப். காலையில் பள்ளிக்குப் போனால் பொழுது அங்கேயே கழியும். பகுதிநேர வேலைக்கு வழியில்லை. பல இடங்களில் ஊதியம் சொற்பம், சில இடங்களில் அதுவும் இல்லை. ஆனால் கல்லூரிக் கட்டணம் மட்டும் தவறாமல் கட்ட வேண்டும்.

மறைந்த பேராசிரியர் அல்லது உளவியலாளர் பெயரில் குடும்பமும் சகாக்களும் வைக்கும் நினைவு நிதிகள் இங்கேதான் உதவ வேண்டும். நிதியின் கணக்கு எளிது. முதலைத் தொடாமல் முதலீடு செய்து, ஆண்டுக்குச் சுமார் 4 சதவீதம் மட்டும் எடுப்பார்கள். 25,000 டாலர் வைத்தால் ஆண்டுக்கு 1,000 டாலர். முதலாண்டு மாணவருக்கு அது பாராட்டுப் பரிசு. இன்டர்ன்ஷிப் மாணவருக்கோ பெட்ரோல், உரிமத் தேர்வுக் கட்டணம், ஒரு மாத வாடகையில் பாதி.

யாருக்குத் தருவது என்பதும் முக்கியம். மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால், எப்படியும் படித்து முடிக்கக்கூடியவருக்கே பணம் போகும். மாணவரின் மொழி அறிவையும் பார்க்க வேண்டும். கலிஃபோர்னியாவில் முன்பு ஸ்பானிய மொழி பேசும் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் அறிவுத்திறன் சோதனை வைத்து, மனவளர்ச்சி குன்றியோர் வகுப்பில் உட்கார வைத்தார்கள். அதை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட டயானா வழக்கில் 1970இல் ஏற்பட்ட உடன்பாட்டுக்குப் பிறகே, பிள்ளையின் தாய்மொழியிலும் சோதிக்க வேண்டும் என்றானது. அப்படிச் சோதிக்க அந்த மொழி தெரிந்த உளவியலாளர் வேண்டும். அப்படி ஆகக்கூடிய மாணவர்களில் பலருக்கு வீட்டிலிருந்து பணம் வராது.

ஆகவே நிதி வைப்பவர்கள் பத்திரத்தில் இரண்டு நிபந்தனைகள் எழுதலாம்: பணம் இன்டர்ன்ஷிப் ஆண்டில் தரப்பட வேண்டும்; இரு மொழி அறிந்தவருக்கு முன்னுரிமை வேண்டும். தொகை கூடாவிட்டாலும், படிப்பைப் பாதியில் விடவிருந்த ஒருவர் பள்ளிக்கு வந்து சேர்வார்.