ரேடார் திரையில் தெரியாத உயரம்

விமான நிலையங்களில் ஓயாமல் சுழலும் முதல்நிலை ரேடாரின் வேலை எளிமையானது. வானொலி அலையை வானில் வீசுகிறது. அது விமானத்தின் மேல் பட்டுத் திரும்பிவர ஆகும் நேரத்தைக் கொண்டு தொலைவைக் கணக்கிடுகிறது. ஆன்டெனா அப்போது எந்தப் பக்கம் திரும்பியிருந்ததோ அதுவே திசை. அவ்வளவுதான். அது எந்த விமானம், எத்தனை அடி உயரத்தில் பறக்கிறது என்ற இரு கேள்விகளுக்கும் இதனிடம் பதில் கிடையாது.

அந்தக் குறையைப் போக்க வந்ததே இரண்டாம்நிலை ரேடார். இது எதிரொலிக்குக் காத்திருப்பதில்லை, விமானத்திடமே கேட்கிறது. விமானத்தில் உள்ள டிரான்ஸ்பாண்டர் என்னும் கருவி தன் நான்கு இலக்க எண்ணையும் உயரத்தையும் பதிலாக அனுப்புகிறது. திரையிலுள்ள புள்ளிக்குப் பக்கத்தில் அந்த விவரங்கள் தோன்றுகின்றன.

இந்த வேறுபாடு எத்தனை உயிர்களுக்குச் சமம் என்பதை 1996-ஆம் ஆண்டின் டில்லி காட்டியது. அன்று டில்லிக் கட்டுப்பாட்டாளர்களின் திரையில் முதல்நிலை ரேடாரின் புள்ளிகள் மட்டுமே இருந்தன. இரண்டாம்நிலை ரேடார் இன்னும் பயன்பாட்டுக்கு வரவில்லை. உயரத்தை விமானிகள் வானொலியில் சொல்ல வேண்டும். கட்டுப்பாட்டாளர் அதை நம்ப வேண்டும். போதாக்குறைக்கு, டில்லி வான்வெளியின் பெரும்பகுதி விமானப்படை வசம் இருந்ததால், பயணிகள் விமானங்கள் வருவதற்கும் போவதற்கும் ஒரே வழித்தடம்தான்.

அவ்வாண்டு நவம்பர் 12 அன்று மாலை சவூதி அரேபிய நிறுவனத்தின் போயிங் 747 டில்லியிலிருந்து புறப்பட்டது. பயணிகளில் பலர் வளைகுடாவுக்குப் பிழைக்கப் போனவர்கள். அதற்கு 14,000 அடி வரை ஏற அனுமதி. எதிரே, கஜகஸ்தானின் ஷிம்கென்ட் நகரிலிருந்து வந்த இல்யூஷின்-76 விமானத்துக்கு 15,000 அடி வரை இறங்க அனுமதி. இடைவெளி ஆயிரம் அடி. எதிரே ஒரு விமானம் வருகிறது, பார்த்துச் சொல்லுங்கள் என்று தூரத்தையும் குறிப்பிட்டுக் கட்டுப்பாட்டாளர் எச்சரித்தார். திரையில் இரு புள்ளிகளும் நெருங்கின. ஒன்றின் மேல் ஒன்று கடந்துபோகும் என்பதே கணக்கு. ஏறக்குறைய 6.40 மணிக்கு இரண்டும் மறைந்தன. ஹரியானாவின் சர்க்கி தாத்ரி அருகே வயல்களில் சிதைவுகள் விழுந்தன. இரு விமானங்களிலும் இருந்த 349 பேரும் இறந்தனர். நடுவானில் விமானங்கள் மோதிய விபத்துகளில் இவ்வளவு பேரைப் பலி வாங்கியது வேறில்லை.

நீதிபதி ஆர்.சி. லகோட்டி தலைமையிலான விசாரணை, கஜக் விமானம் அனுமதிக்கப்பட்ட உயரத்துக்குக் கீழே இறங்கியதையே காரணமாகக் கண்டது. அந்த விமானத்தில் கட்டுப்பாட்டாளரிடம் பேசியவர் விமானி அல்லர். தனி வானொலி ஊழியர். அவர் முன்னால் உயரமானி இல்லை. விமானிகளின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கடைசி நொடிகளில் தவற்றை உணர்ந்து மேலேற முயன்றபோதே மோதல் நேர்ந்தது. பிழை விமானி அறையில் நடந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் 15,000-க்குக் கீழே இறங்கும் எண்ணைத் திரை காட்டியிருந்தால், குறுக்கிட்டுத் தடுக்கக் கட்டுப்பாட்டாளருக்கு ஒரு வாய்ப்பாவது இருந்திருக்கும். அந்த வாய்ப்பையே அந்தத் திரை அவருக்குத் தரவில்லை.

பிறகு டில்லியில் வரும் வழியும் போகும் வழியும் பிரிக்கப்பட்டன. இரண்டாம்நிலை ரேடார் வந்தது. மோதல் தவிர்ப்புக் கருவி இந்திய வான்வெளியில் கட்டாயமானது. இக்கருவி பக்கத்து விமானத்தின் டிரான்ஸ்பாண்டரை நேரடியாகக் கேட்டு, ஏறு அல்லது இறங்கு என்று விமானிக்கே சொல்வது. தரையிலுள்ள ரேடார் இதற்குத் தேவையில்லை.

ரேடார் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதன் அலை நேர்க்கோட்டில்தான் செல்கிறது. பூமியோ வளைந்தது. 10,000 அடியில் பறக்கும் விமானம் 200 கிலோமீட்டருக்கு அப்பாலும் தெரியும். 1,000 அடிக்கு இறங்கினால், சமவெளியிலேயே சுமார் 70 கிலோமீட்டருக்குள்தான் தெரியும். நடுவில் ஒரு மலை இருந்தால் அதன் நிழலில் அதுவும் போய்விடும். ரேடாரின் நேர் உச்சியிலும் ஒரு குருட்டுப்பகுதி உண்டு. ஆக, விமானங்கள் தாழ்ந்து பறக்கும் இடத்தில்தான், அதாவது விமான நிலையத்தை நெருங்கும்போதுதான், தொலைவிலுள்ள ரேடாரின் பார்வை குறைகிறது. அதனால்தான் பெரிய நிலையங்கள் தங்கள் வளாகத்திலேயே தனி ரேடார் வைத்துக்கொள்கின்றன.

ஓடுபாதையைக் கண்காணிக்கத் தரை ரேடார் வேறு வேண்டும். இத்தாலியின் மிலான் லினாட்டே நிலையத்தில் 2001 அக்டோபர் 8 அன்று கடும் மூடுபனி. பழைய தரை ரேடார் அகற்றப்பட்டு, புதியது இயங்கத் தொடங்காத காலம். வழி தவறி ஓடுபாதைக்குள் வந்த ஒரு சிறு ஜெட் விமானத்தின்மேல், பறக்க ஓடிக்கொண்டிருந்த பயணிகள் விமானம் மோதி 118 பேர் மாண்டார்கள்.

ரேடார் இல்லாத இடத்தில் கட்டுப்பாட்டாளர் கடிகாரத்தையும் விமானியின் சொல்லையும் நம்பி வேலை செய்கிறார். ரேடார் இருந்தால் விமானங்களுக்கிடையே 5 கடல் மைல், நிலையத்தை ஒட்டி 3 கடல் மைல் போதும். இல்லையென்றால் ஒரே உயரத்தில் பின்தொடரும் விமானங்களுக்கிடையே பத்து நிமிடமோ அதற்கு மேலோகூட விட வேண்டியிருக்கும். விமானம் தாமதமானாலும் இந்த இடைவெளி குறையாது, குறையவும் கூடாது. வங்காள விரிகுடாவின் நடுவே எந்த ரேடாரும் எட்டாத இடங்களைச் சென்னைக் கட்டுப்பாட்டு மையம், செயற்கைக்கோள் வழி வரும் இருப்பிடத் தகவல்களைக் கொண்டு கவனிக்கிறது.

இப்போது விமானமே ஜிபிஎஸ் மூலம் தன் இடத்தை அறிந்து, உயரத்தோடு சேர்த்து நொடிக்கு நொடி அறிவிக்கும் ஏடிஎஸ்-பி முறை பரவிவருகிறது. இதைப் பெறத் தரையில் ஒரு சிறிய ஏற்பி போதும். மலைக்குப் பின்னாலும் மலிவாக வைத்துவிடலாம். ஆனால் ஜிபிஎஸ் குறிப்பலையை எவரேனும் குலைத்தால், விமானம் தவறான இடத்தையே அறிவிக்கும். அப்போது சரிபார்க்க உதவுபவற்றுள் ஒன்று, விமானத்திடம் எதுவும் கேட்காமல் தன் எதிரொலியை மட்டும் நம்பும் அந்தப் பழைய முதல்நிலை ரேடார். பெரிய நிலையங்கள் அதை இன்னும் கழற்றிவிடாமல் வைத்திருப்பது இதற்காகவும்தான்.